இரண்டு விரல் கேட்ட வரைபடம்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதப் பின்னேரம், மாங்குளம் சந்தியில். துணுக்காயில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் முதலாவது பிறந்தநாளுக்குப் போய்விட்டு, கிளிநொச்சி பஸ்ஸுக்காகத் தேநீர்க்கடை வாசலில் காத்திருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வீட்டிலிருந்தே இணையத்தளங்கள் வடிவமைத்துக் கொடுப்பவள். அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான், தம்பி வெளிநாட்டில். வேலை தருபவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. எல்லாம் எழுத்தில் வரும், எழுத்திலேயே போகும். சில நாட்களில் பின்னேரம் கடைக்குப் போய் ஓர் இறாத்தல் பாண் கேட்கும்போதுதான் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறக்கிறேன் என்பது தெரியவரும். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கும். ஆறு வருடமாக இந்தத் தொழில் செய்தும், நான் செய்த ஒரு பக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர் பயன்படுத்துவதை ஒரு நாளும் நேரில் கண்டதில்லை.

நான் உட்கார்ந்திருந்த மர வாங்கின் மறுபக்கத்தில் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. வலது கையில் பெருவிரல் மட்டும்தான். ஒரு கால் செயற்கைக் கால். அதன் பாதம் வெடித்துப்போய், சைக்கிள் ரியூப்பால் சுற்றிக் கட்டியிருந்தார். போர் நடந்த எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவரைக் கண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அவருடைய தொடையில் இருந்த போன் வழுக்கி என் காலடியில் விழுந்தபோதுதான் குனிந்து எடுத்தேன்.

திரையில் இருந்தது என்னுடைய பக்கம். செயற்கைக் கால்களை வீட்டுக்கே வந்து திருத்திக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்காகச் செய்த பதிவுப் பக்கம். அந்த நீல நிறத்தைத் தேர்ந்தெடுக்க நான் இரண்டு நாள் மினக்கெட்டிருந்தேன். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இது நான் செய்தது என்று அந்தக் கடைக்கே கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அவர் போனைத் திரும்பத் தொடையில் வைத்து, இடது மணிக்கட்டால் அமத்திப் பிடித்துக்கொண்டு பெருவிரலால் தொட்டார். பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் நிரப்பியிருந்தார். மிச்சம் இருந்தது வரைபடம் மட்டும். ஊருக்குள் வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, ஒழுங்கைகளுக்குப் பெயரும் இல்லை. அதனால் வரைபடத்தை நகர்த்தித் தங்கள் வீட்டைக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். காட்டாமல் பதிவு முடியாது.

அவர் பெருவிரலால் இழுத்தார். வரைபடம் அசையவில்லை. ஒரு சாம்பல் நிறத் திரை விழுந்து, அதில் ஒரு வசனம் வந்தது: வரைபடத்தை நகர்த்த இரண்டு விரல்களைப் பயன்படுத்துங்கள். மறுபடி இழுத்தார். மறுபடியும் அதே வசனம்.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். "ரெண்டு விரலால அசைக்கட்டாம் தங்கச்சி. அதுக்கு நான் எங்க போறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. சின்னத் திரையில் பக்கத்தை மேலும் கீழும் தள்ளும்போது வரைபடம் விரலில் மாட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க நான் யோசித்துச் செய்த கெட்டித்தனம் அது. அந்த வசனத்தை எழுதியதும் நான்தான். போன் என்றால் ஒரு கையில் பிடித்து மறு கையால் தொடுவது என்றே நினைத்து, என் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு மட்டுமே சோதித்துப் பார்த்திருந்தேன். அதுவும் யாருக்கான பக்கம் என்று தெரிந்துகொண்டே.

"பதியிறதுக்கு இண்டைக்குத்தான் கடைசி நாள். எங்கட பக்கம் கவரேஜ் இல்லாததாலதான் இது வேலை செய்யுதில்லையாக்கும் எண்டு இஞ்ச வந்தனான்" என்றார். பஸ் ஏறுவதற்கே வெடித்த பாதத்தோடு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடந்தாராம்.

"அங்க ஆரிட்டையும் குடுத்துச் செய்விச்சிருக்கலாமே அண்ணை?"

"கேட்டாச் செய்து தருவினம். சட்டைப் பொத்தான் பூட்டவும் கேக்கிறன், சோத்துப் பார்சல் அவிழ்க்கவும் கேக்கிறன். தனியா இருக்கிற ஆள், எல்லாத்துக்கும் கேக்க வேண்டிக் கிடக்கு. இது போனிலதானே, இதையெண்டாலும் நானே செய்வம் எண்டு பாத்தன்."

"இப்ப நான் அசைக்கட்டே?" என்று கேட்டேன். இன்னொருமுறை பெருவிரலால் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனை என் பக்கம் நகர்த்தினார்.

அவர் வழி சொன்னார். நான் இரண்டு விரல்களால் தள்ளிக்கொண்டு போனேன். குளக்கட்டு, அதிலிருந்து இறங்கும் வண்டிப்பாதை, வயல், கடைசியில் மரங்களுக்கு நடுவே ஒற்றைக் கூரை. "நில்லுங்கோ, அதுதான் என்ர வீடு" என்றார். சுற்றிவர வேறு ஒரு வீடும் இல்லை. குறியை அங்கே வைத்தேன். "பதியிற பொத்தானை நீங்களே அமத்துங்கோ" என்று போனைக் கொடுத்தேன். பெருவிரலால் அமத்தினார். பதிவாகிவிட்டது.

என் பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை. சொல்லாமல் போனால் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்க ஏலாது என்று தெரிந்தது.

"அண்ணை, இந்தப் பக்கத்தைச் செய்தது நான்தான். பிழை கவரேஜில இல்லை, உங்களிலயும் இல்லை. என்னிலதான்."

அவர் கோபிக்கவில்லை. என்னை வடிவாகப் பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "இஞ்ச இருந்துகொண்டு என்னை மாதிரி ஆக்களை நீங்கள் காணேல்லையே, பிள்ளை?"

"நான் ஒருத்தரையும் காணுறேல்லை அண்ணை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. கண் கலங்கிவிட்டது. அவர் சந்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பஸ் வந்ததும், "வாறன் பிள்ளை" என்று எழுந்தார். படியில் ஏற முழங்கையில் பிடித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் அந்த வரைபடத்தை ஒற்றை விரலுக்கு மாற்றினேன். நிறுவனத்துக்கு எழுதி, பிழை என்னுடையது, கடைசி நாளைத் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டேன். ஒரு வாரம் தள்ளினார்கள். பக்கத்துக்கு வருவோர் எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற விபரம் எப்போதும் என்னிடம் வரும். பக்கம் திறந்த முதல் வாரத்திலேயே பலர் வரைபடம் வரை வந்து திரும்பிப் போயிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தவளும் நான்தான். அந்தப் பட்டியலை இப்போது திறந்தபோது, ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் தொடையில் போனை வைத்துக்கொண்டு இருப்பது போலத் தெரிந்தது. அவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை ஏலாமல் போன இடத்துக்கு எல்லோரும் மறுபடி வருவதில்லை.

நான் இன்னமும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஒரு வேலை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசலுக்கோ பஸ் நிலையத்துக்கோ போய், யாரிடமாவது கொடுத்து, "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டு, அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் தனியாக இருந்தால் அது என் பாடு, அதனால் இன்னொருவருக்கு என்ன நட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் ஒருவரையும் காணாமல் இருந்ததற்காக ஒரு மனிதர் வெடித்த பாதத்தோடு மூன்று கட்டை நடந்தார் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க ஏலவில்லை.