பெட்ராவில் நான் பார்த்தது

ஜோர்டானில், உலகமே பார்க்க வரும் பழைய நகரமான பெட்ராவுக்குப் பக்கத்து ஓட்டலில் என் கணவர் சமையல்காரர். லீவில் திருச்சிக்கு வந்தால், மறுநாளே ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, முக்கொம்பு என்று எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊர் சுற்றுவதில் அவருக்கு அத்தனை ஆசை என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் நான் ஜோர்டானுக்குப் போனேன். அவருக்கு ஒருநாள்தான் விடுமுறை. பாறை இடுக்கில் வெகுதூரம் நடந்தோம். சிவப்பு மலையில் குடைந்த மாளிகை எதிரே எழுந்து நின்றது.

"அடிக்கடி வருவீங்களா?" என்றேன்.

"நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன். கொஞ்சம் உக்காந்துக்கிறேம்மா."

கல்லில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. வெயில் நகர நகர, முந்தானையை விரித்து அவர் முகத்துக்கு நிழல் பிடித்தேன். அதற்குள் பஸ் நேரம் வந்துவிட்டது. பெட்ராவில் நான் பார்த்தது அவ்வளவுதான்.

இந்த லீவுக்கு வந்ததும், "நாளைக்கு எங்க போலாம்?" என்றார்.

நான் பாயை விரித்துப் போட்டேன்.