தட்டிப் பார்க்கிறவர்

நடுவிரலை மடக்கி முட்டியால் ஒரு தட்டு. பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்துக் காது கொடுப்பார். தர்பூசணியோ, கதவோ, தண்ணீர்த் தொட்டியோ, தட்டாமல் அவர் எதையும் நம்புவதில்லை. தெருமுனையில் கோழி சுட்டு விற்கும் அவருக்கு ‘தட்டுக்காரர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் புதுப்பல் கட்டிய நாளில், அவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாராம்.

அன்று அவர் தட்டியது, இடுப்பளவு உயரமான ஒரு பழைய பீங்கான் கரி அடுப்பை. முட்டை வடிவம், கனத்த மூடி. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர் அதை விற்பதாகக் கேள்விப்பட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

இதுவரை அவர் சுட்டதெல்லாம் பாதியாக அறுத்த இரும்புப் பீப்பாயில். அதன் புகை, எதிரே நின்று விசிறும் மனைவியின் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. புகைப் பக்கமே இனி நிற்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் கேட்டால்தானே? “வீட்ல தனியா உக்காந்து செவுத்தப் பாத்து இருமறதுக்கு, உங்க மூஞ்சியப் பாத்தே இருமிட்டுப் போறேன்” என்றாள். அதனால்தான் மூடிவைத்துச் சுடும் அடுப்பைத் தேடி அலைந்தார்.

தட்டினார். ‘தொப்’பென்றது. அவர் முகம் விழுந்துவிட்டது.

வெளி ஓட்டைத் தடவிய விரல்களை முகர்ந்தார். “தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?”

“நேத்து பூரா தேய்ச்சேன். பளபளன்னு இருக்குல்ல?”

“குளிப்பாட்டியே கெடுத்துட்டீங்களே அண்ணே. ஓடு தண்ணியக் குடிச்சிருக்கு. ஈரத்துல நல்லதும் செத்த மாதிரிதான் கேக்கும்.”

ஒரு கைப்பிடி கரியைப் போட்டு மெல்ல மூட்டினார். சட்டென்று சூடேற்றினால் ஓடு வெடித்துவிடும். மனைவியைப் புகை வராத பக்கமாக, கட்டிவைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார வைத்தார். காத்திருக்கும் நேரத்தில் மூடி விளிம்பில் காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். வரவில்லை, புகை கசியாமல் விளிம்பில் ஒட்டியிருந்த கம்பளிப் பட்டை இன்னும் பிடிமானமாக இருந்தது. டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். “கரி போடுற உள்கிண்ணம் வெடிச்சிருக்கு. அது போகட்டும், மாத்திக்கலாம். வெளி ஓடு போனாத்தான் எல்லாம் போச்சு.”

“அடுப்பு வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?” என்றார் விற்பவர்.

“ரெண்டுந்தான்” என்றாள் மனைவி.

வெயில் சாயும் நேரத்தில் மறுபடி தட்டினார். ‘கிண்’ணென்றது. சுற்றிச் சுற்றி வந்து தட்டினார். எங்கும் அதே கிண். மூடியின் உச்சித் துளையில் நூல் போல ஒரு புகை, அவ்வளவுதான். மனைவியைப் பக்கத்தில் அழைத்தார். அவள் அடுப்பருகே நின்று, பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். இருமல் வரவில்லை. அதற்குமேல் அவர் பேரம் பேசவில்லை.

திரும்பும்போது சரக்கு வண்டியின் பின்னால், கரியை அணைத்து ஆறவிட்ட அடுப்பைக் கட்டிவிட்டு, இருவரும் அதை ஒட்டி உட்கார்ந்தார்கள். வண்டி ஒரு மேட்டில் ஏறிக் குலுங்கியது. அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. புகையே இல்லாத இடம். குனிந்தவள் நிமிரவில்லை. அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். வலப்பக்கம் தட்டினார், இடப்பக்கம் தட்டினார். பழக்கதோஷத்தில் அவர் தலை தானாகச் சாய்ந்தது.

கை நின்றுவிட்டது.

“என்னங்க, விரிசலா?” மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“ஈரம்” என்றார். “காஞ்சா சரியாயிடும்.”

மறுபடி அவர் தட்டவில்லை. உள்ளங்கையை அவள் முதுகில் விரித்து வைத்தவர், வீடு வரும்வரை எடுக்கவேயில்லை.