அண்ணி கட்டிய விண்கலம்

என் அண்ணிக்குப் பல் செட் செய்வது தொழில். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் வடித்து, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் ஊற்றி, ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைக்கிறவள். அவள் மட்டும் சிரிப்பதில் மகா கஞ்சம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் விண்கலம். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்ததாம். நாலு பேர் ஓர் ஓட்டை விண்கலத்தில் கிரகம் கிரகமாகச் சரக்கு ஏற்றிப் போவார்கள். அதன் உள்பக்கத்தை, இருபதில் ஒரு பங்கு அளவில், மேஜை மேல் கட்டிக்கொண்டிருந்தாள். கூரை கிடையாது, எட்டிப் பார்த்தால் கேப்டன் அறை, இன்ஜின் அறை, சமையலறை எல்லாம் தெரியும். நிறம் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்த பற்களை அராவிச் சுவிட்சுகள் செய்திருந்தாள். கேப்டன் நாற்காலி அசல் ஈறு நிறம். அதில் உட்காருகிறவன் யார் வாய்க்குள்ளோ உட்கார்ந்த மாதிரி இருப்பான் என்றேன். தொடரிலும் அதே நிறம்தான் என்று பதில் வந்தது.

அந்த மேஜை இருந்த அறைக்குத்தான் நான் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தேன். புருஷனோடு இனிச் சரிப்பட்டு வராது என்று கிளம்பியவளுக்கு அண்ணன் வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள் என்று அவர்கள் நாலு பேருக்கே இடிக்கிற வீடு. விண்கலத்தின் காலடியில் எனக்கொரு மடக்குக் கட்டில் போட்டார்கள். பெயின்ட் காயும்வரை ஃபேன் போடக் கூடாது என்று சட்டம் வேறு. பிளாஸ்டிக்குக்கு இருக்கிற மரியாதைகூட நமக்கு இல்லையே என்று பொருமிக்கொண்டு புழுங்கிக் கிடப்பேன். எத்தனை நாளைக்கு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இங்கேயே இரு என்றும் யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாடல் செய்கிறவர்கள் சங்கம் ஒன்று கண்காட்சி வைக்கிறது. திரையில் வந்தது வந்தபடி இருக்க வேண்டும். கூடக்குறைய இருந்தால் மதிப்பெண் போய்விடும். போன தடவை ஒரு கதவுக் கைப்பிடி சரியில்லாமல் முதல் பரிசு கை நழுவியது. இந்தத் தடவை வாங்கியே தீருவது என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். சும்மாதானே இருக்கிறாய் என்று என்னையும் டிவி முன்னால் பிடித்து உட்கார வைத்தாள். படத்தை நிறுத்தி நிறுத்திச் சாமான்களை எண்ணிச் சொல்வது என் வேலை. ஏழு சுவிட்சை எட்டு என்று சொல்லித் தொலைத்தேன். அவள் செய்து ஒட்டிய பிறகுதான் தப்பு தெரிந்தது. ஒன்றும் பேசாமல் மொத்தப் பலகையையும் பிய்த்தெடுத்துப் புதிதாகச் செய்தாள். திட்டியிருந்தால் தேவலை. எண்ணிச் சொல்வதோடு சரி, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை என்று நானும் வீம்பாகவே இருந்தேன்.

கண்காட்சி அன்று காலை அண்ணன் வேனை ஓட்ட, பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேரும் விண்கலத்தை மடியில் தாங்கிக்கொண்டு போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்ணனுக்கு அர்ச்சனை நடந்தது. எனக்கு வேறு பார்க்க எதுவும் இல்லாததால் உள்ளே பார்த்தேன். படுக்கை அறை. பழக்க தோஷம், எண்ணினேன். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் தலையணை போர்வை சகிதம் இன்னொன்று.

"அண்ணி, படுக்கை நாலுதான். இதுல அஞ்சு இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா? மார்க் போயிடுமே."

"போகட்டும்." கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நம்ம வீட்டு நாலு பேரை நினைச்சுத்தான் கட்ட ஆரம்பிச்சேன். இப்ப நீ வந்துட்ட. நாலே வச்சா நீ எங்க படுப்ப?"

வெட்கமில்லாமல் அழுதேன். இன்ஜின் அறைக்குள் சொட்டப் போகிறது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பு என்றாள் அண்ணி.

நடுவர் கையில் ஒரு குட்டி டார்ச்சோடு வந்தார். நல்ல மனிதர், குனிந்து குனிந்து பார்த்து, சுவிட்சையெல்லாம் மெச்சினார். பிறகு, படுக்கை மட்டும் ஒன்று கூடுதல், மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க, வீட்டுக்கு ஒரு ஆள் கூட வந்தா ஒரு கட்டில் போட மாட்டாங்களா?"

விண்கலத்தில் நாலு பேர்தானே என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"அது டிவியில. இது எங்க வீடு. நாங்க அஞ்சு பேர்."

கூடமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் எங்களைத் தெரியாதவன்போல் பக்கத்து மேஜைக்கு நழுவினான். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து, போதும், அந்த மனுஷனை விடு என்றாள்.

மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. அதை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினாள். அன்றுவரை யார் கேட்டாலும் அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்றே சொல்லிவந்த நான், எங்கள் வீடு என்று முதன்முதலாக ஒருவரோடு சண்டை போட்டது ஒரு பொம்மை விண்கலத்துக்காக.