காருக்கடியில் மாப்பிள்ளை

எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் குடியேற வேண்டும். நானும் அப்படித்தான் கல்முனைக்கு வந்தேன். முதல் மாதம் ராஜ வாழ்க்கை. குடிக்கிற தண்ணீரை நானே எடுத்தால்கூட மாமிக்கு மனம் நொந்துவிடும். ஐந்தாவது கிழமை, முற்றத்துச் சீமெந்தில் ஒயில் சிந்திக் கிடப்பதை மாமி கண்டார்.

ஒழுகியது மாமாவின் பழைய கார். பெற்ற பிள்ளைகளின் முகத்தைக்கூட அவர் அப்படித் துடைத்திருக்க மாட்டார். கராஜுக்குக் கொண்டு போய்க் காட்டினார். கராஜ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "எஞ்சின இறக்கித்தான் பாக்கணும். ஒரு கிழமை விட்டுட்டுப் போங்க" என்றாராம். சனிக்கிழமைக்குப் பிறகு கொண்டு வருகிறேன் என்று மாமா திரும்பிவிட்டார்.

காரணம், அந்தச் சனிக்கிழமை நானும் மனைவியும் அறுகம்பைக் கடற்கரைக்குப் போவதாக இருந்தோம். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். வீடு வந்து, முற்றத்தில் புதிதாகச் சிந்திய ஒயிலைப் பார்த்ததும் மாமாவின் மனம் மாறிவிட்டது. ஒழுகும் காரை அவ்வளவு தூரம் ஓட்ட விடமாட்டார் என்பது தெரிந்துவிட்டது. என் ஓட்டோவில் போகலாம்தான். ஆனால் அக்கரைப்பற்று வரும்போதே இடுப்பு தனியாக இறங்கிப் போய்விடும்.

மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நானே பாத்தா என்ன?"

"உங்களுக்குத் தெரியுமா மச்சான்?"

"என்ட ஓட்டோவ ஆரு பாக்கிற? நான்தானே."

"அது மூணு சில்லு."

"இது ஒரு சில்லுதானே கூட."

சிரித்தாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "பிழைச்சிட்டா வாப்பா மறுகா உங்கட கையில சாவியத் தரமாட்டாரு. யோசிச்சுச் செய்ங்க" என்றாள்.

சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை விழுந்தவன் நான். இந்தக் கணக்கு மட்டும் உடனே விளங்கியது. கை வைக்காவிட்டால் ஒரு சனிக்கிழமை போச்சு. வைத்துப் பிழைத்தால் எல்லாச் சனிக்கிழமையும் போச்சு.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, நான் ஒருக்காப் பாக்கட்டா?"

மாமா காரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"கழட்டினத்த மறுகாப் பூட்டத் தெரியுமா மருமகன்?"

"ஓம் மாமா. மிஞ்சினத்த ஓட்டோக்கு எடுப்பன்."

மாமா சிரிக்கவில்லை. ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினார். மாமிதான் பதறிப்போனார். "அல்லாஹ்வே, புது மாப்புள காருக்கடியில கிடந்தா ஊரு என்ன கதைக்கும்? எங்களத்தானே பேசுவாங்க!"

காரின் முன்சில்லு இரண்டையும் தடித்த பலகைகளில் ஏற்றி நிறுத்தி, சாரத்தை மடித்துக் கட்டினேன்.

"இரிங்க மகன்!" மாமி உள்ளே ஓடினார். கலியாணத்துக்கு வாங்கிய புதுப் பாயையும் வெல்வெட் உறை போட்ட தலையணையையும் கொண்டு வந்து காருக்கடியில் விரித்தார். வெறும் நிலத்தில் மாப்பிள்ளை படுக்கக் கூடாதாம். படுத்தேன். பின்னாலேயே தேத்தண்ணியும் வந்தது.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ராத்தா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஊட்டுக்குள்ள இடமில்லயா?"

"இங்க நல்ல காத்தோட்டம் ராத்தா. உங்கட மச்சானையும் அனுப்புங்க!"

அடியில் எங்கு பார்த்தாலும் ஒயில். ஒழுகும் இடம் எதுவென்று தெரியவில்லை. தெரியாதென்று சொல்ல வெட்கம். "ஒயில் நிக்கிற அடித்தொட்டிதான் மாமா. கழட்டணும்" என்று அறிவித்து, முதல் நட்டில் ஸ்பெனரையும் வைத்துவிட்டேன். அப்போது ஒரு துளி காதுக்குப் பின்னால் விழுந்தது. அது தொட்டியிலிருந்து வரவில்லை. அதற்கும் மேலே எங்கிருந்தோ வழிந்து வந்தது. கை நின்றுவிட்டது. சும்மா கிடந்த தொட்டியைக் கழற்றி நாசமாக்கியிருப்பேன்.

வெளியே வந்து எஞ்சினைத் துணியால் துடைத்தேன். அறைக்குப் போய் மனைவியின் பவுடர் டின்னை எடுத்து வந்து தாராளமாகத் தூவினேன்.

"மச்சான்! அது கட்டார்ல இரிந்து வந்த பவுடர்!"

"நல்ல சாமான்தான் புள்ள. எஞ்சின் வெளுத்திட்டு, பாரு."

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தினேன். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடி, அதுதான் டெப்பட் கவர். அதன் விளிம்பிலிருந்துதான் ஒயில் வழிந்திருக்கிறது. நின்றுகொண்டே செய்யும் வேலை. ஒரு மணித்தியாலம் பாயில் படுத்துக் கிடந்தது வீண் என்று மாமியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மூடியைக் கழற்றினேன். ஒயில் கசியாமல் விளிம்பை அடைக்கும் ரப்பர் பெக்கிங் அப்பளம் போல் ஒடிந்தது. கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வைத்து, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மாமா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தார்.

"பத்துக் கழட்டின. ஒம்பதுதான் பூட்டியிரிக்கி."

பத்தாவது என் சார மடிப்பில் இருந்தது. ஓட்டோவுக்கென்று நான் ஒளித்து வைத்தது போல் அவர் பார்க்க, அதையும் எடுத்துப் பூட்டினேன்.

அடியையும் சுத்தமாகத் துடைத்து, பேப்பரை விரித்து, எஞ்சினை ஓட விட்டோம். நால்வரும் முற்றத்தில் குந்தியிருந்து பேப்பரையே பார்த்தோம். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு மாமாவும் நானும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனோம். அன்று என் துஆவில் ஒரு பழைய காரும் இருந்தது. திரும்பி வந்ததும் மாமா பேப்பரை உருவி, வெயிலில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒரு சொட்டும் இல்ல."

சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நாளைக்கி மஃரிபுக்கு முந்தி வந்திரணும்."

மனைவி உள்ளே ஓடிவிட்டாள். சிரிப்பை மறைக்கத்தான். மாமிக்கும் சந்தோசம் தாங்கவில்லை.

"அப்ப நானும் வாறன். அறுகம்பைக் கடலப் பாத்து எத்தின நாளாப் போச்சு!"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா காரின் முன்பக்க மூடியை மெல்லச் சாத்தினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"நீ ஊட்டுல இரி புள்ள. பின் சீட்டுல பாரம் ஏறினா மறுகா ஒயில் ஒழுகும்."

பின் சீட்டுக்கும் டெப்பட் கவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

"ஓம் மாமி. கட்டாயம் ஒழுகும்" என்றேன்.