ஊதா வெளிச்சம் பட்ட தார்ப்பாய்

துணிமேல் பூச்சு பூசிப் பிழைக்கிறவனுக்கு எது ஒட்டும், எது உரியும் என்ற கவலை தீரவே தீராது. இங்கே எழுதப்போவதில் ஒரு விஷயத்தை நானே பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். "மெஷினை வாங்குங்க, நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் ஒருமுறையாவது வாயைக் கொடுத்து மாட்டியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

தூத்துக்குடியை ஒட்டி, மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு தார்ப்பாய் ஆலையில் நான் சூப்பர்வைசர். பருத்திக் கித்தானுக்குத் தண்ணீர் புகாத கோட்டிங் கொடுப்போம். ஒரு வெயில் காலம் தாண்டினால் அது பொருக்குப் பொருக்காக உரியும். அதற்கு மருந்து பிளாஸ்மா மெஷின் என்று சொன்னது நான்தான். உருளைகளுக்கு நடுவே காற்றில் மின்சாரம் பாய்ந்து ஊதா வெளிச்சம் எரியும். அதில் ஓடிவந்த துணியைக் கோட்டிங் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். முதலாளி ஒரே நிபந்தனை போட்டார்: உப்பை மூடத் தார்ப்பாய் வாங்கும் உப்பள அண்ணாச்சி ஆர்டர் கொடுத்தால் மெஷின் இருக்கும், இல்லையென்றால் மெஷினும் போகும், நானும் போவேன்.

துணிக்குத் தாகம்

அண்ணாச்சி பார்க்க வந்தார். சாதாரணக் கித்தானில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உருண்டையாக அப்படியே நின்றது. பிளாஸ்மா பட்ட கித்தானில் விட்டேன். விட்ட இடமே தெரியவில்லை. கோட்டிங்கும் இப்படித்தான் நூலுக்குள் இறங்கும் என்று குதிக்காத குறையாக விளக்கினேன்.

அண்ணாச்சி துணியைப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, மழைக்குப் போர்த்தத் துணி கேட்டா, துணிக்குத் தண்ணி குடிக்கப் பழக்குதீராக்கும்?"

சாம்பார்

மெஷின் ஆபரேட்டர் பேச்சிமுத்து நாற்பது தாண்டியவன். ஆனால் கை சும்மா இருக்காது. மதியம் தன் வெள்ளை வேட்டியை உருளைக்குள் விட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறான். அதைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததில் சாம்பார் சிந்திவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். "சார், ஒங்க மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. மூணு தரம் தொவச்சிட்டேன், சாம்பார் போகவே மாட்டேங்கு."

ஆயுத பூஜை

அண்ணாச்சிக்கு முதல் தார்ப்பாய் அனுப்பினோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. விரித்துப் பார்த்தால், ஒரு முழத்துக்கு ஒரு இடத்தில் மூன்று பட்டையும் நடுவில் ஒரு பொட்டுமாக, அளந்து வைத்தாற்போல் கோட்டிங் உரிந்திருந்தது. இப்படிப் பக்தியோடு உரிந்த தார்ப்பாயை நான் பார்த்ததில்லை.

விசாரித்தேன். பூஜைக்காகப் பேச்சிமுத்து தேங்காய் எண்ணெயில் சந்தனம் குழைத்து உருளைக்குப் பட்டை போட்டிருக்கிறான். மறுநாள் துடைக்க மனம் வரவில்லையாம். உருளை ஒவ்வொரு சுற்றிலும் துணிக்கு ஆசீர்வாதம் செய்திருக்கிறது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவன் அசரவில்லை. "சாமி தொட்ட இடத்துல வேற எது சார் ஒட்டும்?"

ஒரு மழை

அண்ணாச்சி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். புதுத் தார்ப்பாயால் ஒரு உப்பு அம்பாரத்தை மூடுவது. ஒரு மழை தாங்கினால் ஆர்டர். தூத்துக்குடியில் மழையை நம்பி வேலையைப் பணயம் வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தினமும் வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தது. பேச்சிமுத்து உப்பளத்திலேயே காவல் இருந்தான்.

நான் சாயர்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தபோது அவனிடமிருந்து போன் வந்தது. "சார், ஊத்து ஊத்துன்னு ஊத்துது! துணி மேல சொட்டு நிக்கல!" அண்ணாச்சிக்கும் போன் போட்டுச் சொல்லி, பாயசத்தை விட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் புழுதி கண்ணை மறைத்தது. அண்ணாச்சியும் நானும் போய்ச் சேரும்போது சாயங்காலம், நல்ல வெயில். அண்ணாச்சி தார்ப்பாய்க்கு அடியில் முழங்கை வரை கையை விட்டு உப்பை அள்ளினார். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. "தம்பி, இது துணியில்ல, கூரை" என்று அங்கேயே ஆர்டர் சொன்னார்.

பிறகு வந்த மழைகளை எங்கள் தார்ப்பாய்கள் தாங்கின, அதில் சந்தேகமில்லை. உப்பு நனைந்ததா என்று எல்லோரும் கேட்டு, இன்னொன்றை ஒருவரும் கேட்காமல் விட்டதால்தான் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. போன வாரம் டீக்கடையில் பேச்சிமுத்துவிடம் அதை நானே கேட்டுவிட்டேன்: "ஏலே, உண்மையைச் சொல்லு, அன்னைக்கு உப்பளத்துல மழை பெஞ்சுதா?"