இரண்டு வண்டிகளில் ஏறிய என் பெட்டிகள்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் எனக்குத் தங்க இடமில்லை என்பது செனாய் விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பாளையங்கோட்டையில் இருந்தபடியே பேசி முடித்திருந்த அறையை, சிங்கப்பூரிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டார் அதன் உரிமையாளர். மன்னிப்புக் கேட்டுக் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார். கடைசியில் அழுகிற முகம் ஒன்றையும் போட்டிருந்தார்.

நாளிதழில் பல ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தவள் நான். பிறருடைய இக்கட்டுகளை மூன்று பத்திக்குள் சுருக்கிப் பழகிய கை. சென்ற ஆண்டு செப்டம்பரில் முதுகலை படிக்க இங்கே வந்தபோது என் இக்கட்டு ஒரே வரியில் அடங்கியது: ஞாயிற்றுக்கிழமை இரவு படுக்க இடமில்லை. பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் அதுவரைதான் அனுமதி.

விளம்பரங்களில் கண்ட எண்களுக்கெல்லாம் அழைத்தேன். பெரும்பாலும் முதல் கேள்வியே நான் என்ன இனம் என்பதுதான். ஒரு வீட்டுக்கார அம்மா, இந்தியரா என்று கேட்டார். ஆமாம், இந்தியாவிலிருந்தே வருகிறேன் என்று கூடுதல் தகவலையும் சேர்த்துக் கொடுத்தேன். பேச்சு அத்தோடு நின்றது. இன்னொருவர், வீடெல்லாம் வாடை வருமே, கறி சமைப்பீர்களா என்றார். எனக்குச் சமைக்கவே தெரியாது என்ற உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்று மாலை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வகுப்புத் தோழி சொன்னதைக் கேட்டு, நம் சபையின் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்தேன். ஜெபக் குறிப்பு கேட்டார்கள். யாருக்கு, என்ன, எங்கே, எப்போதுக்குள் என்று பழக்கதோஷத்தில் வரிசையாகச் சொன்னேன். ஒரு பெண்ணுக்கு, ஓர் அறை, பல்கலைக்கழகப் பேருந்து போகும் வழியில், ஞாயிறு மாலைக்குள். கர்த்தருக்கு விலாசம் மட்டும்தான் பாக்கி என்று போதகர் சிரித்தார். எல்லோரும் சத்தமாக ஜெபித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. “ஆண்டவரே, முடியவில்லை” என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில், முந்தின நாள் கூட்டத்துக்கு வந்திருந்த கிரேஸ் ஆன்ட்டி கூலாயிலிருந்து அழைத்தார். நான் பெட்டியோடு அவர் வீட்டு நீலக் கேட்டின் முன் நிற்பதைக் கர்த்தர் கனவில் காட்டினாராம். கூலாய் தூரம், அவர் வீட்டுப் பக்கம் பேருந்தும் கிடையாது. ஆனால் கர்த்தர் காட்டினார் என்று ஒருவர் சொல்லும்போது, யோசித்துச் சொல்கிறேன் என்று எந்த விசுவாசி பதில் சொல்வாள்? ஆமென் என்றேன்.

அன்று மாலை சபை மூப்பர் தேவராஜ் அங்கிள் உலு திராமிலிருந்து அழைத்தார். அது நகரத்தின் மறுபக்கம். கார் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளைக்கு உன் வீட்டில் இடம் கொடு என்று அவர் காதில் தெளிவாக ஒரு குரல் கேட்டதாம். அதற்கும் ஆமென் என்றேன்.

சனிக்கிழமை கிரேஸ் ஆன்ட்டி, வாங்கிய புது மெத்தையைப் படமெடுத்து அனுப்பினார். அங்கிள், எனக்காகக் கழுவிக் காயவைத்த மேசையை அனுப்பினார். எனக்குத் தூக்கம் போனது. ஒரு வீட்டுக்குப் போனால் இன்னொருவரின் காதில் விழுந்தது கர்த்தரின் குரல் இல்லை என்றாகிவிடும். வந்த வாரத்திலேயே சபையை இரண்டாக்கிய பெருமை எனக்கு வேண்டாம்.

ஞாயிறு காலை விடுதியைக் காலி செய்து, இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தேன். முடிந்ததும் சபையில் தருகிற பீஹூன் சேமியா வாங்க வரிசையில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பெட்டி கிரேஸ் ஆன்ட்டியின் காரில் இருந்தது, மற்றது அங்கிளின் பிக்கப் வண்டியில்.

“சிஸ்டர், அந்தப் பெட்டிய எறக்குங்க. கர்த்தர் எங்க வீட்டத்தான் சொன்னாரு.”

“எனக்கு கேட்டு கலரு வரைக்கும் காட்டுனாரு, பிரதர். உங்களுக்கு என்னத்தக் காட்டுனாரு?”

அங்கிளுக்குக் குரல் மட்டும்தான் வந்திருந்தது. நிறம் எதுவும் காட்டப்படவில்லை. கூட்டம் சேர்ந்தது. போதகர், எல்லோரும் ஜெபிப்போம் என்றார். யாரும் கண்ணை மூடவில்லை.

அப்போது கையில் பீஹூன் தட்டோடு ஒருவர் மெதுவாக முன்னால் வந்தார். ரோசலின் ஆன்ட்டி. யாழ்ப்பாண வழிக் குடும்பம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை.

“இந்தப் பிள்ளைக்கு ரூம் இல்லையா? என்கிட்ட யாரும் சொல்லலையே.”

ஜெபக் கூட்டத்தில் சொன்னோமே என்றார் போதகர்.

“முட்டி வலியோட நான் எங்க கூட்டத்துக்கு வர்றது?” என்று என் பக்கம் திரும்பினார். “கர்த்தர் என்கிட்ட ஒன்னும் சொல்லல லா. ரூம் ஒன்னு சும்மா கெடக்கு. கேம்பஸ் பஸ்சு வாசல்லயே நிக்கும். வர்றியா?”

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். “வர்றேன் ஆன்ட்டி” என்றேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன், ஜெபக் குறிப்பில் நான் கேட்ட ஒவ்வொன்றும் அதில் இருந்தது.

பீஹூனை வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போய்விடுவது ஆன்ட்டியின் வழக்கம். அன்று ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். “சண்டை நல்லா இருந்துச்சு. பாதியில விட்டுட்டுப் போக மனசு வரல” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தக் கனவும் அந்தக் குரலும் இல்லையென்றால் சண்டை இல்லை. சண்டை இல்லையென்றால் ஆன்ட்டி நின்றிருக்க மாட்டார். கர்த்தர் உங்கள் இருவரிடமும்தான் பேசியிருக்கிறார் என்று கிரேஸ் ஆன்ட்டியிடமும் தேவராஜ் அங்கிளிடமும் சொன்னேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். கிரேஸ் ஆன்ட்டி, அப்படியென்றால் மெத்தை அங்கே வரட்டும் என்றார். மேசையும் வரும் என்றார் அங்கிள்.

பெட்டிகள் இரண்டு வண்டிகளில் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ரோசலின் ஆன்ட்டி வீட்டு கேட்டும் நீலம். கிரேஸ் ஆன்ட்டி இறங்கியதும் அதைப் பார்த்தார். பிறகு தேவராஜ் அங்கிளைப் பார்த்தார்.

இன்று அந்த மெத்தையில் தூங்கி, அந்த மேசையில் இதை எழுதுகிறேன். விடியுமுன் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் இப்போது என்னை எழுப்புவதில்லை. கறிகூடச் சமைக்கிறேன், ஆன்ட்டி தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடுகிறார். போன மாதம் கோத்தா திங்கியிலிருந்து படிக்க வந்த ஒரு தங்கை, அறை வேண்டுமென்று ஜெபக் குறிப்பு கொடுத்தாள். எல்லோரும் கண்ணை மூடுமுன் நான் கையைத் தூக்கினேன். கர்த்தர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, என் அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது, கைப்பேசியில் ஆன்ட்டியைக் கேட்டுவிட்டேன் என்றேன்.

இடமில்லாமல் கலங்குகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், கர்த்தரிடம் கேளுங்கள். விவரமாகவே கேளுங்கள்; அவருக்குச் சலிப்பில்லை. கேட்டதைப் பக்கத்தில் பீஹூன் சாப்பிடுகிறவரிடமும் சொல்லிவையுங்கள். எனக்கு இடம் கொடுத்த என் ஆண்டவருக்கு நன்றி. பெட்டிகளை மட்டும் கண் பார்வையிலேயே வைத்திருங்கள்.