இடுப்புத் தையல் பிரித்த ஜாக்கெட்

அரை நூற்றாண்டுக்கு முந்தைய போர்க்காலத்து விமான நர்ஸின் சீருடை ஒன்று விற்பனைக்கு வந்தால் அதை உடுத்தியிருந்தவள் இறந்துவிட்டாள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வெல்டாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மாதம் தவறாமல் லூயிவில் நகரத்து ராணுவப் பழம்பொருள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை அவளுக்கு. வயது நாற்பத்தெட்டு. அவளை எடுத்து வளர்த்த அம்மா சாகும் தறுவாயில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். "உன்னைப் பெத்தவ நர்ஸு. அடிபட்ட சிப்பாய்ங்களை விமானத்துல கூட்டிட்டு வர்ற நர்ஸு." பெயர் அவளுக்கும் தெரியாது. வெல்டா பிறந்த, கல்யாணமாகாத தாய்மார்களுக்கான விடுதியை எப்போதோ இடித்துவிட்டார்கள். கோர்ட்டில் கேட்டால், தத்துக் கொடுத்த காகிதங்களைத் திறக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள்.

அந்த நர்ஸ்கள் பயிற்சி எடுத்தது இதே ஊர் விமானத்தளத்தில்தான். அதனால் அவர்களுடைய துணிமணி இந்தப் பக்கத்துச் சந்தைகளில் அடிக்கடி தட்டுப்படும். வெல்டா வாங்க ஆரம்பித்தாள். சாம்பல் கலந்த நீல ஜாக்கெட்டுகள், தொப்பிகள், நடுவில் ஆங்கில 'N' எழுத்துப் பதித்த சிறிய இறக்கைச் சின்னங்கள். காலருக்குள் மையால் எழுதிய பெயர் இருந்தால் விசாரிப்பாள். ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றுதான்: போன மாதம் போனார், போன வருஷம் போனார். எந்த நேரம் போனாலும் அவள் பிந்தித்தான் போனாள்.

வீட்டில் ஓர் அறை முழுக்க யாரோ பெண்களின் உடைகள் தொங்கின. கணவன் ஓரின் அந்தப் பக்கம் போவதே இல்லை.

"இத்தனை செத்தவங்க துணியை வெச்சுக்கிட்டு எப்பிடிடி தூங்குற?"

"தூங்கினாத்தானே," என்றாள் வெல்டா.

அந்த செப்டம்பரில் சந்தைக்காரன் ராஸ்கோ அவளைத் தூரத்திலேயே பார்த்துக் கையைத் தட்டினான். "வா வெல்டா! உனக்குன்னே ஒண்ணு வந்திருக்கு. பார்த்துட்டு அழக்கூடாது. போன தடவ என் மேசைத்துணியே நனைஞ்சு போச்சு."

பெரிய அளவு ஜாக்கெட். நெஞ்சில் இறக்கைச் சின்னமும் அப்படியே இருந்தது. வெல்டா வழக்கம்போல உட்பக்கம் திருப்பினாள். இடுப்பின் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, உள்ளே வேறு துணியை ஒட்டுக் கொடுத்து, கோணல் மாணலாகக் கையால் தைத்திருந்தது. யாரோ அவசரத்தில், ஒளித்து வைத்துச் செய்த வேலை. இடுப்பை எதற்காக அகலப்படுத்துவாள் ஒரு கல்யாணமாகாத நர்ஸ்? வெல்டா காலரைத் திருப்பினாள்.

காலரில் பெயர் இருந்தது: ஹெஸ்டர் ரட்.

"இது யாரு குடுத்தா ராஸ்கோ? இந்தம்மா எப்போ செத்தாங்க?"

"சாகலையே! முதியோர் இல்லத்துல சேர்த்துட்டாங்க. அவங்க தம்பி மகன் வீட்டைக் காலி பண்ணினப்போ வித்துட்டான்."

உயிரோடு இருக்கிறாள். முதன்முறையாக ஒருத்தி உயிரோடு இருக்கிறாள்.

மறுநாளே ஆற்றைத் தாண்டி இந்தியானா பக்கம் இருந்த அந்த இல்லத்துக்குப் போனாள். ஹெஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸ் சூப்பில் சோளரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வெல்டா அவர் மடியில் வைத்த ஜாக்கெட்டைப் பார்த்ததும் கை நின்றது.

"திருட்டுப் பய. என்னைக் கேக்காமலே வித்துட்டானா?"

வெல்டா ஜாக்கெட்டைத் திருப்பித் தையலைக் காட்டினாள். "நான் நாப்பத்தஞ்சுல பொறந்தவம்மா. லூயிவில் விடுதியில. நீங்கதானா?"

கிழவி ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நான் இல்ல. நானா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேன். எனக்கு என்ன வெக்கம்? எங்கூட இருந்த ஒரு பொண்ணு. சின்ன உடம்பு. வயிறு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு என் ஜாக்கெட்டைக் கேட்டா. அப்புறம் அதுவும் பத்தல. நான்தான் பிரிச்சுத் தெச்சேன்."

"பேரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"இருக்காங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

வெல்டா தரையில் மண்டியிட்டாள். கெஞ்சினாள். இல்லத்து நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். கிழவி சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த இறக்கையை மட்டும் குடுத்துட்டுப் போம்மா. அது என்னுது," என்றார்.

வெல்டாவுக்கு என்ன வந்ததோ, சின்னத்தைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள். "பேரைச் சொல்லுங்க. தர்றேன்."

நீட்டிய கையைக் கிழவி மெல்ல மடிக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அப்போ நீயே வெச்சுக்க."

வெல்டா வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சின்னத்தின் ஊசி உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்திருந்தது. தன்னைப் பெற்றவளுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிறவரிடம் தான் பேரம் பேசியதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. திரும்ப உள்ளே போய், எதுவும் பேசாமல் கிழவியின் ஸ்வெட்டரில் சின்னத்தைக் குத்திவிட்டாள்.

ஹெஸ்டர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "விமானம் கிளம்பறப்ப அவளுக்கு உதறும். ஆனா அடிபட்டவன் ஒருத்தன் கத்தினாப் போதும், பயமெல்லாம் எங்கயோ போயிடும். உன்னைக் குடுத்துட்டு வந்த அன்னைக்கு அவ சாப்பிடல. இவ்வளவுதான் சொல்வேன். இன்னும் கேக்காத."

அதற்குப் பிறகு வெல்டா வாரந்தோறும் போனாள். ஹெஸ்டர் வானிலை பற்றிப் பேசினார், சமையலைத் திட்டினார், சீட்டாட்டத்தில் ஏமாற்றினார். அந்தப் பெயரை மட்டும் வாய்தவறியும் சொல்லவில்லை. பிப்ரவரியில் நிமோனியா வந்து போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று ஓரின் காப்பி போட்டுக் கொடுத்தான். "இத்தோட விட்டுரலாமே வெல்டா. அந்த ரூமைக் காலி பண்ணிடலாமே."

"முடியல ஓரின்."

"உன்னைப் பெத்தவங்க செத்தே போயிருக்கலாம்."

"இருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியலையே."

அடுத்த சந்தைக்கு அவனே வண்டியை ஓட்டி வந்தான். அவள் மேசை மேசையாகப் போய், பெரிய ஜாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு, சின்ன உடம்புக்குத் தைத்தவற்றை மட்டும் எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.